அப்ளிகேட்னா என்ன? மூணாவது ஆயத்தொலைவை எப்படிப் புரிஞ்சுக்கிறது

ஒரு புள்ளியை (3, 4, 12)னு எழுதியிருக்காங்கன்னு வைங்க. இதுல முதல் எண்ணுக்கு அப்சிஸான்னு பேரு, ரெண்டாவதுக்கு ஆர்டினேட்டுனு பேரு, இது ரெண்டும் ஸ்கூல்ல கிராஃப் ஷீட் எடுத்த காலத்துலயே காதுல விழுந்திருக்கும். மூணாவதா நிக்குற அந்த 12க்கும் தனியா ஒரு பேரு இருக்கு, அதுதான் அப்ளிகேட். நிறைய பேருக்கு இந்தப் பேரு புதுசா இருக்கும், ஏன்னா இங்கிலீஷ் புத்தகங்கள்ல பெரும்பாலும் இசட் கோஆர்டினேட்னு சொல்லிட்டு அப்படியே போயிடுவாங்க. ஆனா ரஷ்ய மொழி கணக்குப் புத்தகங்கள்ல அப்சிஸா, ஆர்டினேட், அப்ளிகேட்னு மூணும் சேர்ந்தே வரும், அங்க அது சாதாரண ஸ்கூல் வார்த்தை. அதோட மொழிபெயர்ப்பைப் படிக்கிறவங்க, இல்ல பழைய ஜியாமெட்ரி புக்கைப் புரட்டுறவங்க திடீர்னு இதைப் பாத்துட்டு ஏதோ பெரிய கான்செப்ட் போலன்னு பயந்துடுறாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அந்த மூணாவது எண் என்ன சொல்லுது, என்ன சொல்லலைன்னு தெளிவா தெரியாம 3டி பக்கம் போனா ஒவ்வொரு இடத்துலயும் தடுக்கும், அதனால அதை நிதானமா பாத்துடலாம்.

முதல்ல அர்த்தம். எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் சேர்ந்து ஒரு தட்டையான தளம் வரும்ல, அதுதான் எக்ஸ்-ஒய் தளம். அந்தத் தளத்துல இருந்து நம்ம புள்ளி வரைக்கும் செங்குத்தா அளந்தா என்ன தூரம் வருதோ, அதை எந்தப் பக்கம்ங்கிற பிளஸ் மைனஸ் குறியோட சேர்த்து எழுதினா அதான் அப்ளிகேட். அவ்ளோதான். இதுல "செங்குத்தா"ங்கிறதும் முக்கியம், "குறியோட"ங்கிறதும் முக்கியம். சாய்வா அளந்தா வேற எண் வரும், குறி இல்லாம எழுதினா தளத்துக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு தெரியாது.

கண்ணு முன்னாடி பாக்கணும்னா நீங்க உக்காந்திருக்கிற ரூமோட ஒரு மூலையைப் பாருங்க. தரையும் ரெண்டு சுவரும் சேர்ற அந்த முனைதான் ஆதிப்புள்ளி, (0, 0, 0). தரையும் ஒரு சுவரும் சேர்ற கோடு எக்ஸ் அச்சு, தரையும் இன்னொரு சுவரும் சேர்ற கோடு ஒய் அச்சு, ரெண்டு சுவரும் சேர்ந்து மேல ஏறுற கோடு இசட் அச்சு. இப்போ ரூம்ல தொங்குற பல்பு எங்க இருக்குன்னு சொல்லணும்னா, பல்புக்கு நேர் கீழ தரையில ஒரு சாக்பீஸ் புள்ளி வச்சுக்கிட்டு அந்தப் புள்ளியோட ரெண்டு எண்ணைச் சொல்லிட்டு, அங்கிருந்து பல்பு வரைக்கும் எவ்ளோ உயரம்னு மூணாவதா ஒரு எண்ணைச் சொல்வீங்க. அந்த மூணாவது எண்தான் அப்ளிகேட். தரையில வச்ச சாக்பீஸ் புள்ளிக்கும் கணக்குல ஒரு பேரு இருக்கு, எக்ஸ்-ஒய் தளத்து மேல அந்தப் புள்ளியோட வீழல்னு சொல்லுவாங்க. (3, 4, 12)ஓட வீழல் (3, 4, 0). மூணாவதை பூஜ்யம் ஆக்கிட்டா போதும், வீழல் கிடைச்சுடும்.

மைனஸ் வந்தா? தளத்துக்கு அந்தப் பக்கம். (3, 4, -12)ங்கிறது அதே சாக்பீஸ் புள்ளிக்கு நேர் கீழ, கீழ் மாடியில இருக்கிற மாதிரி. (3, 4, 12)ஐ எக்ஸ்-ஒய் தளத்தைக் கண்ணாடியா வச்சுப் பாத்தா அதோட பிம்பம் எங்க தெரியுமோ அதுவும் இந்தப் புள்ளிதான். எக்ஸுக்கு பிளஸ் மைனஸ், ஒய்க்கு பிளஸ் மைனஸ், இசட்டுக்கு பிளஸ் மைனஸ்னு ரெண்டு, ரெண்டு, ரெண்டா பெருக்கினா வெளி மொத்தமும் 8 பகுதியா பிரியும், ஒவ்வொண்ணுக்கும் ஆக்டண்ட்னு பேரு. 2டில நாலு கால்பகுதி இருந்துச்சே, அதே கதைதான். மூணு எண்ணும் பிளஸா இருக்கிறது முதல் ஆக்டண்ட். மேல நாலு, கீழ நாலுன்னு பிரிக்கிறதே அப்ளிகேட்டோட குறிதான்.

இப்போ எல்லாரும் தடுக்கி விழுற இடத்துக்கு வரேன், இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கலாம். "இசட் ஆயத்தொலைவு 12"னு சொன்னதும் அந்தப் புள்ளி இசட் அச்சுல இருந்து 12 தூரத்துல இருக்குன்னு மனசு தானா எடுத்துக்கும். அது தப்பு. 12ங்கிறது எக்ஸ்-ஒய் தளத்துல இருந்து இருக்கிற தூரம். இசட் அச்சுல இருந்து அந்தப் புள்ளி எவ்ளோ தள்ளி இருக்குன்னு கேட்டா அதுக்கு இசட் தேவையே இல்ல, மத்த ரெண்டு எண்தான் வேணும்: 3ஓட வர்க்கம் 9, 4ஓட வர்க்கம் 16, கூட்டினா 25, வர்க்கமூலம் எடுத்தா 5. ஆக இசட் அச்சுல இருந்து 5 தூரம். அதே மாதிரி எக்ஸ் அச்சுல இருந்து தூரம் வேணும்னா எக்ஸை விட்டுட்டு ஒய்யையும் இசட்டையும் எடுக்கணும், 16 + 144 = 160, அதோட மூலம் சுமார் 12.65. ஒய் அச்சுல இருந்துன்னா 9 + 144 = 153, மூலம் சுமார் 12.37. பரீட்சையில "இசட் அச்சிலிருந்து தூரம் என்ன"ன்னு ஒரு மார்க் கேள்வி கேட்டா வேகத்துல 12னு எழுதிட்டு வந்துடுவாங்க, காரணம் 2டில பழகினது. அங்க ஒய் ஆயத்தொலைவுங்கிறது எக்ஸ் அச்சுல இருந்து இருக்கிற தூரம், அதாவது ஒரு அச்சுல இருந்து அளக்குறோம். 3டிக்கு வந்ததும் அளக்கிற இடம் அச்சு இல்ல, தளம். ஒவ்வொரு ஆயத்தொலைவும் ஒரு தளத்துல இருந்து இருக்கிற தூரம்: எக்ஸ் வந்து ஒய்-இசட் தளத்துல இருந்து, ஒய் வந்து எக்ஸ்-இசட் தளத்துல இருந்து, இசட் வந்து எக்ஸ்-ஒய் தளத்துல இருந்து. இந்த ஒரு மாத்தம் மனசுல ஒட்டிக்கிச்சுன்னா 3டி ஜியாமெட்ரில பாதி குழப்பம் அங்கயே போயிடும்னு நான் நம்புறேன்.

சரி, ஆதிப்புள்ளியில இருந்து நேரா அந்தப் புள்ளிக்கு எவ்ளோ தூரம்? தரையில மூலையில இருந்து சாக்பீஸ் புள்ளிக்கு 5, இப்பதான் பாத்தோம். அங்கிருந்து மேல 12. இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து, அப்போ மறுபடியும் பிதாகரஸ்: 25 + 144 = 169, மூலம் 13. மூணு எண்ணோட வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுன்னு ஃபார்முலா மனப்பாடம் பண்ண வச்சுடுறாங்களே, அது உண்மையில பிதாகரஸை ரெண்டு தடவை போடுறதுதான், முதல் தடவை தரையில, ரெண்டாவது தடவை நின்ன வாக்குல. ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரம் வேணும்னாலும் இதேதான், (1, 2, 3)ல இருந்து (4, 6, 15)க்குப் போனா வித்தியாசம் 3, 4, 12, தூரம் 13. நடுப்புள்ளி வேணும்னா சராசரி எடுங்க, அப்ளிகேட்டுக்கு 3ம் 15ம் கூட்டி பாதி, 9.

அடுத்து இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2டில "எக்ஸ் = 2"னு எழுதினா அது ஒரு கோடு. அதே சமன்பாட்டை 3டில எழுதினா அது கோடு இல்ல, ஒரு முழுத் தளம், சுவர் மாதிரி நிக்கும். ஏன்னா ஒய் என்னவா வேணா இருக்கலாம், இசட் என்னவா வேணா இருக்கலாம்னு சமன்பாடு விட்டுடுச்சு, எதைச் சொல்லலையோ அது சுதந்திரமா ஓடும். "எக்ஸ் = 2, ஒய் = 3"னு ரெண்டையும் கட்டினா மிச்சம் இசட் மட்டும் ஓடும், அப்போ ஒரு செங்குத்துக் கோடு. மூணையும் கட்டினாத்தான் ஒரு புள்ளி. இதே மாதிரி எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம் = 25ங்கிறது தாள்ல ஒரு வட்டம், ஆரம் 5. 3டில அதுவே மேலயும் கீழயும் முடிவில்லாம போற ஒரு குழாய், உருளை. சமன்பாட்டுல ஒரு எழுத்து கூட மாறல, ஆனா இசட்டைப் பத்தி அது பேசவே இல்லங்கிறதால எல்லா உயரத்துலயும் அந்த வட்டம் வந்து உக்காந்துடுது. வட்டமாத்தான் வேணும்னா கூடவே "இசட் = 12"னு ஒரு வரி எழுதணும், அப்போ அந்தக் குழாயை 12 உயரத்துல வெட்டின வட்டம் கிடைக்கும், நம்ம (3, 4, 12) அந்த வட்டத்து மேலதான் இருக்கு. ஒரு சமன்பாட்டைப் பாத்தவுடனே "இது எத்தனை பரிமாணத்துல எழுதியிருக்கு"ன்னு கேக்குற பழக்கம் வந்துட்டா, படம் தப்பா போடுறது நின்னுடும்.

அப்ளிகேட்டுக்குன்னு ஒரு பெரிய வேலை இருக்கு, அது சார்புகளை வரையிறது. எக்ஸ், ஒய் ரெண்டையும் உள்ள போட்டா ஒரு எண் வெளிய வரும்னு வைங்க, உதாரணமா எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம். (1, 2)ஐப் போட்டா 5 வரும். அந்த 5ஐ அப்ளிகேட்டா வச்சு (1, 2, 5)னு ஒரு புள்ளி குத்துங்க. இப்படி தளத்துல இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கு மேலயும் குத்திக்கிட்டே போனா ஒரு பரப்பு உருவாகும், இதுல கிண்ணம் மாதிரி வரும். மேப்ல மலைப்பகுதியில வளைஞ்சு வளைஞ்சு கோடு போட்டிருப்பாங்களே, கான்டூர் கோடு, அது ஒவ்வொண்ணும் ஒரே அப்ளிகேட் இருக்கிற இடங்களை எல்லாம் சேத்துப் போட்ட கோடுதான். கோடுங்க நெருக்கமா இருந்தா கொஞ்ச தூரத்துலயே உயரம் வேகமா மாறுது, அதாவது செங்குத்தான சரிவு, அகலமா இருந்தா சமதரை மாதிரி. தட்டையான ஒரு பேப்பர்ல மூணாவது பரிமாணத்தைக் காட்டுறதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச அழகான வழிகள்ல இது ஒண்ணு.

இப்போ "இசட் பிளஸ் எந்தப் பக்கம்"ங்கிற கேள்வி. எக்ஸும் ஒய்யும் வரைஞ்சாச்சு, மூணாவது அச்சு ரெண்டுக்கும் செங்குத்தா இருக்கணும், அது மேல போகலாம் இல்ல கீழ போகலாம், ரெண்டு வாய்ப்பு இருக்கு. கணக்கு, ஃபிசிக்ஸ் புத்தகங்கள்ல வலது கை விதி வச்சுக்குவாங்க: வலது கை விரல் நாலையும் எக்ஸ் பிளஸ் பக்கத்துல இருந்து ஒய் பிளஸ் பக்கமா மடக்குங்க, கட்டைவிரல் எங்க நீட்டுதோ அது இசட் பிளஸ். இடது கையில இதையே செஞ்சா கட்டைவிரல் எதிர்ப்பக்கம் நீட்டும், அது இடது கை அமைப்பு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம், எவ்ளோ சுத்தினாலும் ஒண்ணை இன்னொண்ணு மேல பொருத்த முடியாது. சும்மா தூரம் கணக்கு போடும்போது எந்தக் கையா இருந்தாலும் விடை மாறாது, ஆனா வெக்டர் குறுக்குப் பெருக்கல், சுழற்சி, டார்க் (torque, திருப்புவிசை)னு போனீங்கன்னா குறி மாறிடும், அங்க இது உயிர்நாடி.

பேரு எங்கிருந்து வந்துச்சுன்னும் கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா பழைய புக் படிக்கிறவங்களுக்கு இதுல ஒரு பொறி இருக்கு. அபல்லோனியஸ்ங்கிற பழங்காலக் கணித மேதை எழுதின கூம்பு வெட்டுகள் பத்தின கிரேக்க நூலை லத்தீன்ல கொண்டுவந்தப்போ, ஒரு விட்டத்துல இருந்து வளைவு வரைக்கும் ஒரே திசையில ஒழுங்கா இழுத்த கோடுகளை "ஆர்டினாதிம் அப்ளிகாதா"ன்னு சொன்னாங்க, ஒழுங்கா பொருத்தப்பட்டதுன்னு வச்சுக்கலாம். அந்த ஒரே தொடர்ல இருந்துதான் ஆர்டினேட்டும் வந்துச்சு அப்ளிகேட்டும் வந்துச்சு. 1637ல பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டோட ஜியாமெட்ரி நூல் வந்தப்போ கூட பெரும்பாலும் தளத்துல இருக்கிற வளைவுகள்தான் பேச்சு. 1731ல கிளேரோங்கிற பிரெஞ்சு கணித மேதை முப்பரிமாண வெளியில வளைஞ்சு போற கோடுகள் பத்தி ஒரு நூல் போட்டாரு, அப்போ அவருக்கு 18 வயசு, மூணு ஆயத்தொலைவை வச்சு ஒழுங்கா வேலை பண்ணிக் காட்டின ஆரம்பகால நூல்கள்ல அது முக்கியமானது. அப்புறம் 1748ல ஆய்லர்ங்கிற கணித மேதை தன்னோட பெரிய நூலோட பின்னிணைப்புல பரப்புகளை மூணு மாறிகளோட சமன்பாடுகளா எடுத்துப் பேசினாரு. பொறி எங்கன்னா, ஆய்லர் அப்ளிகாதான்னு எழுதுறப்போ தளத்துல இருக்கிற ஒய்யைத்தான் சொல்றாரு, நாம இன்னிக்கு ஆர்டினேட்னு சொல்றது. அதனால பழைய லத்தீன் நூலோ அதோட மொழிபெயர்ப்போ கையில இருந்தா, அப்ளிகேட்னு பாத்ததும் இசட்னு முடிவு பண்ணிடாதீங்க, படத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

தமிழ்ல ஆயத்தொலைவுனு தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துலயும், ஆள்கூறுனு இலங்கைப் புத்தகத்துலயும் பாப்பீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

இதுவரைக்கும் பாத்தது நேர்கோட்டு அச்சு முறை. இதே புள்ளியை வேற விதமாவும் சொல்லலாம், அப்போ அப்ளிகேட் என்ன ஆகுதுன்னு பாக்குறது சுவாரசியம். உருளை ஆயத்தொலைவுன்னு ஒண்ணு இருக்கு, அதுல தரையில இருக்கிற புள்ளியை மட்டும் எக்ஸ், ஒய்க்கு பதிலா "மூலையில இருந்து எவ்ளோ தூரம், எக்ஸ் அச்சுல இருந்து எத்தனை டிகிரி"ன்னு மாத்திடுவோம். (3, 4, 12)க்கு தூரம் 5, கோணம் சுமார் 53.13 டிகிரி, அப்ளிகேட் அப்படியே 12. இசட்டை யாரும் தொடலை. குழாய், கம்பி, சுத்துற ஷாஃப்ட், பாட்டில் மாதிரி நடு அச்சைச் சுத்தி ஒரே மாதிரி இருக்கிற எதுக்கும் இந்த முறை வசதி, நாம மேல பாத்த அந்த உருளையோட சமன்பாடு இதுல வெறும் "தூரம் = 5"னு முடிஞ்சு போகும்.

கோள ஆயத்தொலைவுல நிலைமை வேற. அங்க ஆதிப்புள்ளியில இருந்து நேர் தூரம் ஒண்ணு, ரெண்டு கோணம், அப்ளிகேட்னு தனியா எண்ணே கிடையாது, தேவைப்பட்டா கண்டுபிடிக்கணும்: நேர் தூரத்தை, இசட் அச்சுல இருந்து சாய்ஞ்ச கோணத்தோட கொசைனால பெருக்கினா அப்ளிகேட். நம்ம புள்ளிக்கு நேர் தூரம் 13, சாய்வுக் கோணம் சுமார் 22.62 டிகிரி, அதோட கொசைன் 12/13, பெருக்கினா 12 திரும்ப வந்துடும். ஒரு எச்சரிக்கை, இந்த சாய்வுக் கோணத்துக்கு ஃபிசிக்ஸ்காரங்க தீட்டான்னு எழுதுவாங்க, கணக்குப் புத்தகங்கள் நிறையா அதுக்கு ஃபைன்னு எழுதி தீட்டாவை சுத்துற கோணத்துக்கு வச்சுக்குவாங்க. ரெண்டு புக்கை ஒரே நேரத்துல திறந்து வச்சுப் படிக்கிற காலேஜ் பசங்களுக்கு இது தலைவலி, ஃபார்முலாவை எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் புக்ல எந்தக் கோணம் எதுன்னு முதல் பக்கத்துலயே பாத்துடுங்க.

இனி நிஜத்துல இது எங்கெல்லாம் ஓடுதுன்னு பாக்கலாம். 3டி பிரிண்டர்ல அப்ளிகேட்டை கண்ணாலயே பாக்கலாம். முனை ஒரு அடுக்கு முழுக்க எக்ஸ், ஒய்ல மட்டும் ஓடி பிளாஸ்டிக்கைப் போட்டுட்டு வரும், அந்த நேரம் முழுக்க இசட் ஒரே எண்தான். அடுக்கு முடிஞ்சதும் இசட் 0.2 மில்லிமீட்டர் ஏறும், மறுபடி ஓட்டம். 20 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு க்யூப் போடணும்னா 0.2 வீதம் 100 அடுக்கு. பிரிண்ட் ஆன பொருளை வெளிச்சத்துல திருப்பிப் பாத்தா பக்கவாட்டுல மெல்லிசா கோடு கோடா தெரியும்ல, அது ஒவ்வொண்ணும் ஒரு அப்ளிகேட். முன்னாடி சொன்ன கான்டூர் கோடும் இதுவும் ஒரே எண்ணம்தான், அங்க தாள்ல வரைஞ்சது இங்க பிளாஸ்டிக்ல நிக்குது.

சிஎன்சி மெஷின்ல, அதாவது கம்ப்யூட்டர் சொல்ற எண்படி உலோகத்தை வெட்டுற மெஷின்ல, இசட் அச்சு டூல் சுத்துற ஸ்பிண்டில் வாக்குல போகும். வழக்கமா ஜாப்போட (வெட்டப் போற துண்டோட) மேல்பரப்பை இசட் பூஜ்யமா செட் பண்ணிக்குவாங்க, அப்போ இசட் 5னா டூல் 5 மில்லிமீட்டர் மேல பத்திரமா நிக்குது, இசட் -2னா உலோகத்துக்குள்ள 2 மில்லிமீட்டர் இறங்கி வெட்டுது. இங்க மைனஸ் குறி வெறும் எழுத்து இல்ல, மேல நிக்குறதுக்கும் உள்ள இறங்குறதுக்கும் இருக்கிற வித்தியாசம். பூஜ்யத்தை எங்க வச்சோம்னு மறந்துட்டு புரோகிராமை ஓட்டினா, எண் எல்லாம் சரியா இருந்தாலும் டூல் போய் ஜாப்ல மோதும். அதனாலதான் அளவு எடுக்க ஆரம்பிக்கிற தளம் எதுன்னு முதல்ல கேளுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

கேம், அனிமேஷன் பக்கம் வந்தா இன்னும் ஜாக்கிரதை. 3டி மாடல் செய்யுற பிளெண்டர் சாஃப்ட்வேர்ல இசட் மேல நோக்கி, வலது கை அமைப்பு. கேம் செய்யுற யூனிட்டி சாஃப்ட்வேர்ல ஒய் மேல நோக்கி, இசட் முன்னாடி போகுது, இடது கை அமைப்பு. இன்னொரு கேம் சாஃப்ட்வேரான அன்ரியல்ல இசட் மேலதான், ஆனா இடது கை. ஒரு சாஃப்ட்வேர்ல நின்னுக்கிட்டிருந்த மாடல் இன்னொண்ணுல இம்போர்ட் பண்ணதும் 90 டிகிரி சாஞ்சு படுத்துக்கிறது இதனாலதான், மாடல்ல ஒரு கோளாறும் இல்ல. வலது கை, இசட் மேலங்கிற அமைப்புல இருந்து வலது கை, ஒய் மேலங்கிற அமைப்புக்கு மாத்தணும்னா (எக்ஸ், ஒய், இசட்)ஐ (எக்ஸ், இசட், -ஒய்)னு எழுதணும், நம்ம (3, 4, 12) அங்க (3, 12, -4) ஆகும். அந்த மைனஸை விட்டுட்டு வெறுமனே ஒய்யையும் இசட்டையும் இடம் மாத்தினா கை மாறிடும், மாடல் கண்ணாடியில பாத்த மாதிரி இடவலம் புரண்டு, சட்டையில இருக்கிற எழுத்தெல்லாம் தலைகீழ் திசையில ஓடும்.

ஸ்கிரீன்ல எது முன்னாடி எது பின்னாடின்னு முடிவு பண்றதும் ஒரு இசட்தான், ஆனா இங்க அது உயரம் இல்ல, கேமராவுல இருந்து எவ்ளோ ஆழம்ங்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் இதுவரைக்கும் வரைஞ்சதுல எது ரொம்ப கிட்ட இருந்துச்சோ அதோட ஆழத்தை கிராஃபிக்ஸ் கார்டு குறிச்சு வச்சுக்கும், புதுசா வர்றது அதைவிட கிட்ட இருந்தா வரையும், தள்ளி இருந்தா விட்டுடும். இதுக்கு இசட் பஃபர்னு பேரு. ரெண்டு பரப்பு கிட்டத்தட்ட ஒரே ஆழத்துல இருந்தா எது முன்னாடின்னு தீர்மானிக்க முடியாம பிக்சல் பிக்சலா மாறி மாறி மின்னும், கேம்ல தூரத்து சுவர்ல ஒட்டின போஸ்டர் நடுங்குற மாதிரி தெரியுறது பல நேரம் இதுதான்.

விமானத்துறையில ஒரு வழக்கம் இருக்கு, எக்ஸ் வடக்கு, ஒய் கிழக்கு, இசட் கீழ. வலது கையில மடக்கிப் பாருங்க, வடக்குல இருந்து கிழக்குக்கு மடக்கினா கட்டைவிரல் பூமியைத்தான் காட்டும், அதனால விதி எதையும் மீறலை. அந்த அமைப்புல தரையில இருந்து 3000 மீட்டர் உயரத்துல பறக்கிற விமானத்தோட இசட் -3000. உயரம் கூடக் கூட அப்ளிகேட் குறையும்.

எல்லாத்தையும் விட நல்ல உதாரணம் ஜிபிஎஸ்தான். ஃபோனுக்குள்ள இருக்கிற ரிசீவர் உங்க இடத்தை முதல்ல கண்டுபிடிக்கிறது அட்சரேகை தீர்க்கரேகையா இல்ல, பூமியோட மையத்தை ஆதிப்புள்ளியா வச்ச எக்ஸ், ஒய், இசட்டாத்தான். கூடவே ஃபோனோட கடிகாரம் எவ்ளோ பிசகியிருக்குன்னும் தெரியணும், ஆக தெரியாதது 4, அதான் குறைஞ்சது 4 சாட்டிலைட் வேணும்ங்கிறது. அந்த அமைப்புல இசட் அச்சு பூமி மையத்துல இருந்து வட துருவம் வழியா போகும், எக்ஸ்-ஒய் தளம் பூமத்திய ரேகைத் தளம். வட துருவத்துல நின்னா உங்க அப்ளிகேட் சுமார் 63,56,752 மீட்டர், தென் துருவத்துல அதே எண் மைனஸ்ல. பூமத்திய ரேகை மேல நின்னா பூஜ்யம், அங்கயே எவ்ளோ பெரிய மலை மேல ஏறி நின்னாலும் பூஜ்யம்தான், ஏன்னா ஏற ஏற நீங்க மையத்தை விட்டு எக்ஸ், ஒய் பக்கமா தள்ளிப் போறீங்களே தவிர அந்தத் தளத்தை விட்டு விலகவே இல்ல. ஃபோன்ல உயரம்னு காட்டுற எண் இந்த மூணையும் வச்சு, பூமியோட வடிவத்தையும் சேத்து, அப்புறமா கணக்குப் போட்டு எடுத்தது. அப்ளிகேட்டை உயரம்னே மனசுல வச்சுக்கிட்டவங்களுக்கு இந்த இடம் புரியவே புரியாது, தளத்துல இருந்து தூரம்னு வச்சுக்கிட்டவங்களுக்கு ஒரு நொடியில புரிஞ்சுடும்.

பழக்கமில்லாத சாஃப்ட்வேரோ டேட்டா ஃபைலோ கைக்கு வந்தா நான் எப்பவும் சொல்லிக்கொடுக்கிற வழி ஒண்ணு இருக்கு. வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி (0, 0, 5)ல ஒரு சின்ன பெட்டியை வச்சுப் பாருங்க, அது மேல போச்சா, முன்னாடி போச்சா, உள்ள போச்சான்னு தெரிஞ்சுடும். அப்புறம் (5, 0, 0)லயும் (0, 5, 0)லயும் வேற வேற கலர்ல ரெண்டு பெட்டி வச்சுட்டு, வலது கையை எக்ஸ்ல இருந்து ஒய்க்கு மடக்குங்க, கட்டைவிரல் அந்த முதல் பெட்டி பக்கம் நீட்டினா வலது கை அமைப்பு, எதிர்ப்பக்கம் நீட்டினா இடது கை. அலகு மீட்டரா மில்லிமீட்டரான்னு செட்டிங்ஸ்ல பாத்துக்குங்க, அதுக்கப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்.